கீயும் திறப்பும், பதில் தட்டாத மாப்பிள்ளையும்

ஆடிப்பிறப்பன்று காலை. தலை முழுகி, ஈரக் கூந்தலின் நுனியை முடிந்துகொண்டு, எங்கள் கொக்குவில் வீட்டின் அறைவீட்டுக் கதவுக்கு முன்னால் அம்மா நின்றார். நெல்லும் பெட்டகமும் பெரிய பாத்திரங்களும் இருக்கும் அறை அது. கதவு பூட்டியிருந்தது. கூழ் காய்ச்சும் பானையும் பனங்கட்டிக் குட்டான்களும் உள்ளே இருந்தன. குசினியில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஆயத்தம். வறுத்த பயற்றின் வாசம் வாசல் படலை வரைக்கும் போயிருந்தது.

அந்தப் பூட்டின் திறப்பு என் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது.

"பிள்ளை, உனக்கு நேரமிருந்தால் அறையை ஒருக்காத் திறந்து விடுறியோ?" என்று அம்மா கேட்டார்.

நேரமிருந்தால்!

"எழும்படி சோம்பேறி" என்று விடியக்காலமை போர்வையை உருவி என்னை வளர்த்த அம்மா. அந்த வாயிலிருந்து 'உனக்கு நேரமிருந்தால்' என்று வருகிறது. ஏச்சு வாங்கிப் பழகின பிள்ளைக்கு மரியாதை சுடும். எனக்குக் கலியாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அம்மா தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டார்.

கைமாறிய திறப்பு

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் சீதனமாக மகளுக்கு எழுதப்படும். இது ஊரெல்லாம் நடப்பதுதான்.

எங்கள் குடும்பத்தில் அதற்கு மேலும் ஒரு வழக்கம் இருந்தது. கலியாணத்தின் நாலாஞ்சடங்கு முடிந்த மறுநாள், தாயானவள் அறைவீட்டுத் திறப்பைத் தட்டத்தில் மஞ்சளோடு வைத்து மகளின் கையில் கொடுப்பாள். கொடுத்த பிறகு அந்தக் கதவில் கை வைக்க மாட்டாள். யார் இதை ஏற்படுத்தினார்களோ தெரியாது. அந்தப் புண்ணியவதி இன்றைக்கு என் முன்னால் வந்தால் நாலு கேள்வி கேட்பேன்.

அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். கைம்பெண் என்று என் கலியாணச் சடங்கு ஒன்றிலும் அம்மா முன்னுக்கு வரவில்லை. தாலி கட்டியதைக்கூடக் கதவிடுக்கால்தான் பார்த்தார். ஆனால் இந்தத் தட்டத்தை மட்டும் அம்மா வேறு ஒருவரிடமும் கொடுக்கவில்லை. தானே ஏந்திக்கொண்டு வந்தார். நடந்து வரும்போது திறப்பு தட்டத்தில் இலேசாகக் கிலுங்கியது.

பழைய காலத்து இரும்புத் திறப்பு. பிடி தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். சேலைத் தலைப்பில் முடிந்தால் தோளில் துணி நில்லாது. நடக்கும்போது முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். அது ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் 'இது உன் வீடு' என்று யாரோ நினைப்பூட்டுவதைப்போல இருந்தது. எனக்கு அது பிடிக்கவேயில்லை.

ஒரு சொல், பல வேலை

இந்த இடத்தில் என் பேத்திக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தப் பத்திரிகைத் தொடரின் போன அத்தியாயத்தில் 'இவர் ஸ்டேஷனில் கீ தட்டுகிறவர்' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "அம்மம்மா, கீ எண்டால் கதவு திறக்கிறதெல்லோ? அதை ஏன் தட்டுறது?" என்று கேட்டாள்.

பிள்ளையில் பிழையில்லை. அந்த இங்கிலீசுச் சொல்லுக்குப் போகுமிடமெல்லாம் ஒரு வேலை.

வட்டுக்கோட்டைப் பக்கம் நான் படித்த காலத்தில், எங்கள் கணக்கு ஆசிரியை மேசை லாச்சிக்குள் ஒரு மெல்லிய புத்தகத்தைப் பூட்டி வைத்திருப்பார். கணக்குகளுக்கெல்லாம் விடை அதற்குள் இருக்கும். அதற்குப் பெயர் கீ. லாச்சியின் கீ அவருடைய இடுப்பில். "கீயை வைச்சுக் கீயைப் பூட்டியிருக்கிறா" என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லிச் சிரித்தேன். அன்று பள்ளிக்கூடம் விடும்வரை வாங்குப் பலகையின்மேல் ஏறி நின்றேன்.

சங்கீத ஆசிரியைக்கு ஆர்மோனியத்தின் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் எல்லாம் கீ. அவர் அவற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தும் என் தொண்டை திறக்கவில்லை. பூமிசாத்திரப் புத்தகத்தில் தேசப்படத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி போட்டிருக்கும். நீலக்கோடு ஆறு, கறுப்புக்கோடு ரெயில்பாதை என்று அதில் இருக்கும். அந்தப் பெட்டியும் கீதான். கொக்குவிலுக்கு வந்தால், எங்கள் வேலிக்கு அப்பால் நீளப்பிடிச் சுத்தியலோடு தண்டவாளத்து ஓரமாக ஒரு மனிதர் நடந்து போவார். தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் மர ஆப்புகளைத் தட்டித் தட்டிப் போவார். அந்த ஆப்புக்கும் கீ என்று பெயர். அவர் கீமேன்.

ஒரு சொல்லை இத்தனை பேர் பங்குபோட்டால் அது பாவம் என்ன செய்யும்?

இதோடு எங்கள் ஊர்ச் சொல்லையும் பாருங்கள். பூட்டுகிறதும் திறக்கிறதும் அதே இரும்புத் துண்டுதான். ஆனாலும் எங்கள் முன்னோர் திறக்கிற வேலையை மட்டும் நினைத்து அதற்குத் திறப்பு என்று பெயர் வைத்தார்கள். இதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

நிலையில் ஒரு தட்டு

இனி இவருடைய கீ. இவர் என்றால் என் வீட்டுக்காரர். அந்தக் காலத்தில் வாயால் சொல்லாத பெயரை இந்தக் கிழட்டு வயதில் பத்திரிகையிலா போடப்போகிறேன்?

இவர் யாழ்ப்பாண ஸ்டேஷனில் தந்தி அடிக்கிற வேலை. மேசையில் ஒரு பித்தளைக் கருவி. அதன் குமிழை விரலால் தட்டினால் அடுத்த ஸ்டேஷனில் 'டக் டக்' என்று கேட்கும். அந்தக் கருவிக்குத்தான் கீ என்று பெயர். வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்த பிறகும் இவருடைய விரல் ஓயாது. விறாந்தையில் சாய்ந்திருந்தபடி கதிரைக் கைப்பிடியில் தட்டிக்கொண்டே இருக்கும்.

"அப்படி என்னத்தைத்தான் தட்டுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒற்றைத் தண்டவாளமப்பா. இஞ்சாலை ஒரு வண்டியும் அங்காலை ஒரு வண்டியும் வந்தால் என்ன நடக்கும்? அதுதான், வண்டியை விட முந்தி அடுத்த ஸ்டேஷனைக் கேக்க வேணும், பாதை வெளியோ எண்டு. அவன் 'லைன் கிளியர்' எண்டு பதில் தட்ட வேணும்."

"தட்டாட்டில்?"

"தட்டாட்டில் நிக்கிறதுதான். கவர்னர் துரை ஏறியிருந்தாலும் வண்டி அசையாது. பதில் வரும்வரைக்கும் பச்சைக்கொடியைக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு நிக்க வேண்டியதுதான்."

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

கதவுக்குப் பின்னால் என்று சொன்னேன் அல்லவா? அதுவும் ஒரு வழக்கம். மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நிற்கக்கூடாது. நேரே கதைக்கவும் கூடாது. இவர் சாப்பிட இருந்தால் குசினியிலிருந்து குரல் வரும். "மாப்பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமோ எண்டு கேள் பிள்ளை." இவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் என்னைப் பார்த்து, "போதுமெண்டு சொல்லும்" என்பார். நான் நடுவில் தபாற்காரி.

ஒருநாள் நான் கிணற்றடியில் நின்றேன். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட வழி தெரியாமல் அம்மா அகப்பைக் காம்பால் கதவு நிலையில் ஒரு தட்டுத் தட்டினாராம். இவர் எழும்பி வந்து, வாசற்படியில் வைத்திருந்த கோப்பியை எடுத்துக்கொண்டு, விரலால் நிலையில் பதில் தட்டினாராம்.

அவ்வளவுதான், என் உத்தியோகம் போயிற்று. ஒரு தட்டு என்றால் கோப்பி. விட்டு விட்டுத் தட்டினால் சாப்பாடு. படபடவென்று தட்டினால் மழை வருகிறது, சைக்கிளை உள்ளே எடுங்கள் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் இவர் பதில் தட்டுவார். பதில் வரும்வரைக்கும் அம்மா நிலையடியில் அசையாமல் நிற்பார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான். அந்த எரிச்சலைவிடச் சந்தோஷம் அதிகம்.

மாப்பிள்ளையோடு இவ்வளவு ஒட்டிக்கொண்ட அம்மா, அறைவீட்டுக் கதவோடு மட்டும் ஒட்டவேயில்லை.

மரியாதையின் தொல்லை

ஆடிப்பிறப்பன்று அறையைத் திறந்துவிட்டு, திறப்பை அம்மாவிடம் நீட்டினேன். "எணை, இதை நீயே வைச்சிரு."

நெருப்பு பட்டதுபோல அம்மா கையை இழுத்தார். "குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? நல்ல கதை கதைக்கிறாய்!"

அதற்கு முந்தின நாட்களிலும் நான் செய்யாத தந்திரமில்லை. அறையைப் பூட்டாமல் விட்டேன். "அறை திறந்து கிடக்குது பிள்ளை, பூனை போகப்போகுது" என்று, நான் வந்து பூட்டும்வரை அம்மா வாசலில் காவல் நின்றார். திறப்பைக் குசினி ஆணியில் மாட்டினேன். "உன்ரை திறப்பு ஆணியிலை கிடக்குது" என்று தகவல் வந்தது. சரி, நானும் அம்மாவைக் கேட்காமல் ஒன்றும் எடுப்பதில்லை என்று வைராக்கியம் பிடித்தேன். "ஊறுகாய் எடுக்கட்டோ?" என்று கேட்பேன். "உன்ரை வீடு, என்னை ஏன் கேக்கிறாய்?" என்பார். அப்படிச் சொன்ன பிறகு எடுக்க எனக்கு மனம் வராது. தாயும் மகளும் ஒருவருக்கு ஒருவர் காட்டிய மரியாதையில் இவருக்கு ஊறுகாய் இல்லாமற் போனதுதான் மிச்சம்.

ஆடிப்பிறப்பன்று பிலாவிலையைக் கோலி ஆளுக்கொரு வாய் கூழ் குடித்து முடிந்ததும், அம்மா மெல்லச் சொன்னார்.

"ஆவணியிலை ஒரு நல்லநாள் பாத்து என்ரை தம்பியை வரச் சொல்லியிருக்கிறன். பண்டத்தரிப்பிலை போய் அவனோடை இருக்கப்போறன்."

பிலாவிலையைக் கீழே போட்டேன். "நான் என்னம்மா பிழை விட்டனான்?"

"நீ ஒரு பிழையும் விடேல்லை."

"அப்ப ஏன் போறாய்?"

"என்ரை அம்மா எனக்குத் திறப்பைத் தந்த அண்டைக்கே வெளிக்கிட்டவ. நான்தான் உன்னை விட்டுப்போக மனமில்லாமல் நாளைக் கடத்திப்போட்டன்." அம்மா பிலாவிலையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "பிழை வரமுந்திப் போகவேணும் பிள்ளை. இண்டைக்கு நேரமிருக்கோ எண்டு கேக்கிறன், நீ சிரிச்சுக்கொண்டு வந்து திறக்கிறாய். ஒருநாள் நீ முகத்தைச் சுளிச்சால் எனக்குத் தாங்காது."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. என் தலையைத் தடவிவிட்டுப் பானை கழுவப் போய்விட்டார். அந்தப் பானையையும் கழுவித் துடைத்து அறைவீட்டு வாசலில் கவிழ்த்துவிட்டு, உள்ளே வைக்காமல் போனார்.

இவர் வந்ததும் சொல்லி அழுதேன். இவர் கதிரைக் கையைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நான் என்னத்தைச் சொல்லுறது? மாமி என்னோடை கதைக்கிறேல்லையே" என்றார். அன்றைக்கு இவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்ல மரக்கட்டைக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று நினைத்தேன்.

வண்டில் வந்த நாள்

ஆவணியில் ஒரு காலை, பண்டத்தரிப்பிலிருந்து அம்மான் மாட்டுவண்டிலோடு வந்து படலையில் நின்றார். அம்மாவின் தம்பி. நல்ல மனிதர், ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

"வெயில் ஏறமுந்தி வெளிக்கிடுவம் அக்கா."

ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், ஒரு துணிமூட்டை. அவ்வளவுதான் அம்மா கட்டியிருந்தார். வாழ்ந்து முடித்த வீட்டிலிருந்து கொண்டுபோக அவ்வளவுதானா?

இனி மாப்பிள்ளையிடம் விடைபெற வேண்டும். எங்கள் ஊரில் யாரும் 'போறன்' என்று சொல்வதில்லை. 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் 'ஓம், போட்டு வாங்கோ' என்று சொல்ல வேண்டும். செத்தவீட்டிலிருந்துதான் சொல்லாமல் போவார்கள். வாழ்கிற வீட்டிலிருந்து அந்தப் பதில் வாங்காமல் படி இறங்குவது அம்மாவால் நினைக்கவும் முடியாத காரியம்.

அம்மா குசினி நிலையடிக்கு வந்து, அகப்பைக் காம்பால் தட்டினார்.

இவர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். பதில் தட்டவில்லை.

அம்மா மறுபடியும் தட்டினார். கொஞ்சம் பலமாக.

நான் எட்டிப் பார்த்தேன். இவர் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நித்திரையிலும் அசைகிற அந்த விரல்கள் அன்றைக்கு அசையவில்லை.

"என்ன பிள்ளை, மாப்பிள்ளை நித்திரையோ?" என்று அம்மான் என்னைக் கேட்டார்.

"இல்லை, முழிச்சுத்தான் இருக்கிறார்."

அம்மான் விறாந்தைக்குப் போனார். "தம்பி, அக்கா வெளிக்கிடப்போறா."

"வாங்கோ, இருங்கோ" என்று இவர் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். "வெள்ளெனவே வெளிக்கிட்டிருப்பியள். கோப்பி குடிச்சனீங்களோ?"

அம்மான் கோப்பி குடித்தார். மழை பெய்யாததைப் பற்றிக் கதைத்தார். புகையிலை விளைச்சலைப் பற்றிக் கதைத்தார். இவர் எல்லாவற்றுக்கும் மரியாதையாக 'ஓம்' போட்டார். கை மட்டும் மடியை விட்டு எழும்பவில்லை. வண்டிலில் பூட்டியிருந்த மாடுகள் பொறுமை கெட்டுக் கழுத்தை உதறின. அம்மான் முணுமுணுத்துக்கொண்டே போய் அவற்றை அவிழ்த்து வைக்கோல் போட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மரக்கட்டை என்று நான் நினைத்த மனிதரைப் பார்த்தபடியே நின்றேன். இவர் ஒரு விரலை அசைத்தால் போதும், என் அம்மா போய்விடுவார்.

வெயில் விறாந்தைப் படியைத் தாண்டி உள்ளே வந்தது. அம்மா வெளுத்த சேலையைத் தலையில் இழுத்துவிட்டபடி நிலையடியிலேயே நின்றார். கடைசியாகக் குசினியிலிருந்து குரல் வந்தது. என்னைக் கூப்பிடவில்லை. அம்மானையும் கூப்பிடவில்லை.

"மாப்பிள்ளை... ஒரு பதில் தட்டுங்கோவன்."

கலியாணம் முடிந்து முதல் தடவையாக அம்மா இவரோடு நேரே கதைத்தது அதுதான்.

இவர் எழும்பி நின்றார். குசினிப் பக்கம் திரும்பினார், ஆனால் முகத்தை நிமிர்த்தவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"லைன் கிளியர் இல்லை, மாமி."

பிறகு குசினிக்குள் அம்மா சிரித்தது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், கண்ணால் நீர் ஓடுகிறது.

"உதென்ன பாஷை?" என்று அம்மான் முற்றத்திலிருந்து கத்தினார்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய், சோம்பேறி! உன்ரை அம்மானுக்குச் சோறு போடவேண்டாமே? பெரிய பானை உள்ளுக்கை கிடக்குது. கொண்டா திறப்பை!"

நேரமிருக்கிறதோ என்று கேட்கவில்லை. என் சேலை முடிச்சைத் தானே பிடித்து அவிழ்த்தார். கதவைத் திறந்தார். பானையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றைக்கு என் தோள் எவ்வளவு இலேசாக இருந்தது என்று சொல்லி முடியாது. இவருக்கு மத்தியானம் ஊறுகாயும் கிடைத்தது.

அந்தத் திறப்பை அம்மா திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. முகம் சுளித்த நாட்கள் பிறகு எத்தனையோ வந்தன. இரண்டு பேரும் தாங்கிக்கொண்டோம்.

நிலையில் விழுந்த பள்ளம்

இரண்டாம் உலக யுத்தகாலம். அரிசி கூப்பனுக்குப் போய்விட்டது. அறைவீட்டில் பூட்டி வைக்க அதிகம் ஒன்றுமில்லை, ஆனாலும் அம்மா பூட்டித் திறப்பைச் செருகிக்கொண்டுதான் படுப்பார். ஒரு மாரியில் காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை.

அம்மாவைக் குளிப்பாட்டிச் சேலை மாற்றிய பெண்கள், இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்கள். இந்த முறை தட்டமும் இல்லை, மஞ்சளும் இல்லை. நான் அதை வைத்துக்கொண்டு குசினிக்குள் போய், எரியாத அடுப்படியில் குந்தியிருந்தேன். வெளியே பறை அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவைத் தூக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது.

இவர் உள்ளே வந்தார். என்னைத் தேடித்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. குசினிக் கதவு நிலையடியில் போய் நின்றார். அகப்பைக் காம்பு பட்டுப் பட்டு அந்த இடத்தில் மரம் சின்னதாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதைக் கையால் ஒருதரம் தடவினார்.

பிறகு ஒற்றை விரலால் மெல்லத் தட்டினார். தட்டிவிட்டு, தோள் கொடுக்க வெளியே போனார்.

செத்தவீட்டில் ஒருவருக்கும் 'போட்டு வாங்கோ' என்று சொல்வதில்லை. இவர் சொன்னார். ஆவணி மாதத்து ஒரு காலையில் அம்மா அதே நிலையடியில் நின்று நின்று கேட்டும் கொடுக்காத பதிலை, அன்றைக்குத்தான் கொடுத்தார்.